காதும் நான்காவது சத்தமும்

ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் ஓடும் எந்த வண்டியையும், நிற்கும் எந்த வண்டியையும், இன்னும் பெயிண்ட்கூட அடிக்காத எந்த வண்டியையும் ஒரு நிமிடமும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் எங்கள் காது. புதுக் காரின் கதவைச் சாத்தினால் நம் எல்லாருக்கும் ‘டப்’ என்று கேட்கும். அவருக்கு மட்டும் அதற்குப் பின்னால் இன்னொன்றும் கேட்கும். “இத்து இன்னாத்தையோ மறைக்குது சார்” என்பார்.

நாங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். கார் செய்கிறோம். நான் தரப் பிரிவில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவன். லைன் முடிகிற இடத்தில், காம்பவுண்டுக்குள்ளேயே, மேடும் பள்ளமுமாக ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். முடிந்த காரை ஒருவர் அதில் ஓட்ட, காது பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருவார். எது ஆடுகிறது, எது உரசுகிறது என்று சொல்வதுதான் அவர் வேலை. பதினொரு வருடமாக அதைத்தான் செய்கிறார். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் அச்சிட்டிருக்கிறார்கள். அதை அவர் மனைவிகூட உபயோகித்து நான் கேட்டதில்லை.

சத்தங்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். பெட்டிக்குள் கழன்ற திருகு உருண்டால் ‘சுண்டல்’. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசி, யாரும் கேட்காமலே முனகிக்கொண்டிருந்தால் ‘மாமியார்’. தேடப் போனால் நின்றுவிட்டு, விட்டுவிட்டால் திரும்ப வருவது ‘எலி’. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் வழக்கம். ஒருமுறை வெளியூரிலிருந்து தணிக்கைக்கு வந்தவர், ‘வலது பின் கதவு: மாமியார். சரி செய்யப்பட்டது’ என்ற வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தாலும் காது முடியாது. வல்லம் வடகாலில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். தாலி கட்டப்போகிற நேரம். எல்லாரும் அட்சதையோடு எழுந்து நிற்க, இவர் கெட்டிமேளத்துக்கு நடுவே போய்த் தவில்காரர் தோளைத் தட்டினார். “அண்ணாத்த, ரைட் சைடு ரெண்டாவது நட்டு லூசா கீது. பாத்துக்க.” தவில்காரர் பார்வையாலேயே பதில் சொன்னார். ஆனால் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அவர் ஒரு ஸ்பேனரோடு மூலையில் குனிந்திருந்ததையும் நான் பார்த்தேன்.

அப்படிப்பட்ட காதுக்குச் சோதனை வந்தது. எங்கள் ஆலையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் செவிப் பரிசோதனை உண்டு. போன முறை அவருடைய இடது காதுக்கு நேராக ‘கவனிக்கவும்’ என்று எழுதிவிட்டார்கள். இந்த முறையும் குறைந்திருந்தால் அவரை ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். அது அட்டைப்பெட்டி எண்ணுகிற இடம். பரிசோதனை திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழன், மதியம் இரண்டே காலுக்கு, அவர் என் மேசைக்கு வந்தார்.

“சார், ஊர்ல இருக்குற வண்டிய எல்லாம் சந்தேகப்பட்டேன். இப்ப என் காது மேலயே சந்தேகமா கீது.”

“திங்கட்கிழமை தெரிஞ்சிடுமே.”

“அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். கம்பெனி வண்டில பாக்க முடியாது. அல்லாம் எனக்குப் பழகுன வண்டி. வெளி வண்டி ஒண்ணு வேணும். நீங்க வூட்டம்மாவ இட்டுகினு மாமல்லபுரம் போணும்னு ஆறு மாசமா சொல்லிகினு கீறீங்க. ஞாயித்துக்கிழம வாடகைக்கு வண்டி எடுக்கலாம். மூணு எடத்துல நீங்க சத்தம் வெச்சிடுங்க. எங்க வெச்சீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க.”

இது எங்கள் தொழிலில் உள்ள முறைதான். சோதிப்பவரைச் சோதிக்க, தெரிந்தே பழுதான பொருள் ஒன்றை நல்லவற்றோடு கலந்து அனுப்புவோம். அவர் அதைப் பிடித்தால் ஆள் சரி. ஆனால் ஒருவர் தனக்குத்தானே அதை வைக்கச் சொல்லிக் கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒப்புக்கொண்டேன்.

வண்டி வல்லக்கோட்டை தணிகாசலத்துடையது. ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி. அவரே ஓட்டுநர். ஞாயிறு காலை 5.40க்கு வந்தார். அவர் டீ குடிக்கப் போன இடைவெளியில் நான் வேலையை ஆரம்பித்தேன். ஒன்று: மாத்திரை டப்பாவில் ஏழு புளியங்கொட்டை, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில். இரண்டு: காகிதத்தில் சுற்றிய நட்டு, இடது பின் கதவுப் பையில். மூன்றாவது ஒரு கோலிக்குண்டு. ஸ்டெப்னி டயர் இருக்கும் குழிக்குள் அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், தணிகாசலம் டீ கிளாஸோடு நிற்கிறார்.

“சார், என் வண்டில இன்னா பண்ணிகினு கீறீங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மா பார்த்தேன்.”

“பாக்குறதுன்னா கண்ணால பாக்கணும். கையி இன்னாத்துக்கு டயருக்கு அடில போச்சு?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸா?”

இல்லை என்று நான் சொன்ன விதத்திலேயே அவர் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அன்று முழுவதும் அவர் சாலையைப் பார்த்ததில் பாதி நேரம் என்னைப் பார்த்தார்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மனைவி சாந்தா. இன்னொருவர் முத்துக்குட்டி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பெயிண்ட் பிரிவில் இருக்கிறார், முப்பத்தைந்து வயது. இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையில் தனியாக இருப்பதால், எங்கே கூப்பிட்டாலும் வருவார்.

ஆறு மணிக்குக் காது வந்தார். என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை வாங்கி நான்கு டயர்களின் பள்ளத்தையும் அளந்தார். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தபின் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். “அல்லாரும் பாக்கெட்ட காலி பண்ணுங்க. சாவி, சில்லற, மோதிரம், வாட்சு, எதுவும் உள்ள வரக் கூடாது.” லைன் பக்கத்தில் போகிறவர்களுக்கு ஆலையில் இதே விதிதான்.

முத்துக்குட்டியிடமிருந்து சாவிக்கொத்தும் பெல்ட் பக்கிளும் பறிபோயின. அவர் லுங்கியைப் பிடிப்பதுபோலப் பேன்டைப் பிடித்துக்கொண்டு, “கோர்ட்டுக்குப் போற மாதிரில்லா இருக்கு” என்றார். தணிகாசலம் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த சிறிய வேல் கழற்றப்பட்டது. “அது சாமி” என்றார் அவர். “சாமியும் ஆடுது” என்றார் காது. சாந்தாவின் வளையலில் வந்து நின்றது பிரச்சினை.

“வளையலைக் கழட்டுற பழக்கம் எங்க வீட்டுல இல்லைண்ணா.”

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கைக்குட்டையால சுத்திக்குங்க, போதும்.”

இரண்டு கையிலும் கட்டுப் போட்டவள்போல அவள் வண்டியில் ஏறினாள். நான் என் சட்டைப் பையைத் தொட்டேன். காது கையைக் காட்டித் தடுத்தார். “உங்களுக்கு வேணாம் சார். நீங்க சுத்தம்.”

6.12க்குக் கிளம்பினோம். நான் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில். நடுவில் சாந்தாவும் முத்துக்குட்டியும். கடைசி வரிசையில் காது தனியாக, கண்ணை மூடி.

சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் நாலு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. “நிறுத்து. டிரைவர் சீட்டு. சுண்டல். இரும்பு இல்ல, கொட்டை.” தணிகாசலம் சீட்டுக்கு அடியில் கைவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்தார். திறந்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். செங்கல்பட்டு ஏரிக்கரையில் நட்டு கிடைத்தது. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் கோலி அகப்பட்டது. “கண்ணாடி, உருண்ட, ஒண்ணுதான்” என்று அவர் சொல்லி முடித்தபோது முத்துக்குட்டி கைதட்டினார். 7.25க்குள் மூன்றும் முடிந்துவிட்டன. நோட்டில் மூன்று டிக் போட்டேன். காதின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அது ஆறு நிமிடம் இருந்தது.

“சார், நாலாவது எங்க வெச்சீங்க?”

“நாலாவதா? மூணுதானே வெச்சேன்.”

“வெளாடாதீங்க. முன்னாடி லெஃப்டுல. ‘டிக்’குன்னு ஒண்ணு. எலி.”

நிறுத்தினோம். இறங்கித் தேடினோம். டாஷ்போர்டைத் தட்டினார், கதவைக் குலுக்கினார், கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வண்டி நகர்ந்ததும், “இதோ” என்றார். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

“இன்னும் இன்னா இன்னா வெச்சிகீறீங்க, சொல்லிடுங்க சார்” என்றார் தணிகாசலம். “புள்ளகுட்டிக்காரன் நான்.”

மாமல்லபுரத்தில் சாந்தா பார்க்க வேண்டியவை என்று நான் எழுதி வைத்திருந்தவை ஒன்பது. ஐந்தைப் பார்த்தோம். காது ஐந்து இடத்திலும் வண்டியை விட்டு இறங்கவில்லை. கடற்கரைக் கோயிலுக்கு மட்டும் வலுக்கட்டாயமாக இழுத்துப் போனேன். அலையைக் கொஞ்ச நேரம் கேட்டவர், “இதுல ஒரு ஒழுங்கே இல்ல சார். எங்க லூசுன்னு கண்டுபுடிக்கவே முடியாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

மதியம் சாப்பிட்டபின் சதுரங்கப்பட்டினம் போகக் கிளம்பினோம். அங்கே டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை இடிந்து கிடக்கிறது. சாந்தாவுக்குத் தலை சுற்றியதால் அவள் முன்சீட்டுக்குப் போக, நான் நடு வரிசைக்கு வந்தேன். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. இந்த முறை அதில் பழைய தைரியம் இல்லை.

“சார். அது எடம் மாறிடுச்சு. இப்ப நடு சீட்டுல கேக்குது.”

ஆலையில் வேலை செய்கிற எல்லாருக்கும் ஒன்று தெரியும். கழன்ற திருகு ஒரே இடத்தில்தான் சத்தம் போடும். அது சீட்டு மாறி உட்காராது. முத்துக்குட்டிதான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. எங்க போனாலும் கூடவே வருதுன்னா, அது வண்டிக்குள்ள கெடக்கல. உங்க காதுக்குள்ளதான் கெடக்கு.”

வழக்கமாக இதற்கு அவரிடமிருந்து நாலு வார்த்தை வந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இல்லாத சத்தம் காதுக்குள் கேட்டால் அது என்ன வியாதி என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்டோர் என்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

கோட்டையைச் சாந்தாவும் முத்துக்குட்டியும் சுற்றிப் பார்த்தார்கள். நான் பின்புறம் கடலோரமாக நடந்தேன். காது ஒரு கற்சுவர் மேல் உட்கார்ந்திருந்தார். விரலால் இடது காதை அடைத்துக்கொண்டு கடலைக் கேட்டார். பிறகு வலது காதை அடைத்துக்கொண்டு கேட்டார். மறுபடி இடது. மறுபடி வலது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

இருபத்தாறு வருடமாகப் பதிவேடு எழுதுகிறேன். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதியதில்லை. அன்று 2.50க்கு, மணலில் கிடந்த ஒரு சிப்பியை எடுத்து ஸ்கேலுக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டிக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, நடு வரிசைக் கதவுப் பையில் அதைப் போட்டேன். நோட்டில் ‘4. நடு வலது கதவு: சிப்பி. காலையிலேயே வைத்தது, மறந்துவிட்டேன்’ என்று எழுதினேன். அவர் அதைக் கண்டுபிடிக்கட்டும், நான் தலையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன், அவர் நிம்மதியாகத் திங்கட்கிழமைக்குப் போகட்டும். இதுதான் என் திட்டம்.

கிளம்பி இருநூறு மீட்டர்.

“நிறுத்து.”

கையை நேராகக் கதவுப் பைக்குள் விட்டு எடுத்தார். நான் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன்.

“இத்து நாலாவது இல்ல” என்றார் காது. “நாலாவது அப்படியே கீது. இத்து அஞ்சாவது. ஈரம்கூட காயல. இப்பதான் எவனோ வெச்சிகீறான்.”

ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். தணிகாசலம் முருகன் மேல் சத்தியம் செய்தார். முத்துக்குட்டி தான் சிப்பியைத் தொட்டே பத்து வருடமாகிறது என்றார். நான் கடலைப் பார்த்தேன். அங்கிருந்து கடல் தெரியாது.

ஒரு பக்கம் எனக்குச் சந்தோஷம்தான். ஈரச் சிப்பியைக் கேட்கிற காது கெட்டுப்போன காதாக இருக்க முடியாது. அப்படியானால் நாலாவது என்ன? காதுக்கும் அதே கணக்கு ஓடியிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு ஒண்ணா கழட்டிப் பாத்துடலாம்.”

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், ஆலையில் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். எது கழன்றதும் சத்தம் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. வண்டியில் கழற்ற இனி ஒன்றும் இல்லை. அதனால் எங்களைக் கழற்றினார்.

முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் முத்துக்குட்டி இறக்கப்பட்டார். பேன்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் நிற்கவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி, ஓர் இளநீர்க் கடை நிழலில், கையில் கட்டுகளோடு சாந்தா.

“கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்துல என்னை நடுரோட்டுல இறக்கிவிட்டது இதான் முதல் தடவை” என்றாள் என்னிடம். “இருங்க. அடுத்தது நீங்கதான்.”

சத்தம் நிற்கவில்லை. காது தணிகாசலத்தைப் பார்த்தார். “அப்ப நீதான்.”

“வண்டிய ஆரு ஓட்டுவா, உங்கப்பனா? அல்லாத்தையும் எறக்கிட்டு, இந்த சார இன்னாத்துக்கு வெச்சிகினு கீற? அவர எறக்கு.”

“சார் சுத்தம்பா.”

“சுத்தமா? காலைல என் சீட்டுக்கு அடில கைய வுட்டது ஆரு? எறக்கு அண்ணாத்த.”

இளநீர்க் கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நானே இறங்கினேன். வண்டி முன்னால் போயிற்று. மேடு ஒன்றில் ஏறி இறங்கி, தூரத்தில் திரும்பி, அதே மேட்டில் மறுபடி ஏறி இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்றது. காது இறங்கினார்.

“நின்னுடுச்சு சார்.”

என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து, டாக்டர்போல என் நெஞ்சுக்கு நேராகக் காதை வைத்தார். “குதிங்க” என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் குதித்தேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை குதித்தபோது எனக்கே கேட்டது. டிக். ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், பேனாவின் உலோகக் கிளிப்பில் மோதுகிற சத்தம். இருபத்தாறு வருடமாக என்னோடு நடப்பதால் எனக்கு அது சத்தமாகவே தெரிந்ததில்லை.

காது ஸ்கேலைப் பையிலிருந்து உருவினார். அதோடு கொஞ்சம் ஈர மணலும் வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. மணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைத் தட்டி உதறினார்.

“காலைல ஆறு பாக்கெட்டு செக் பண்ணேன். உங்கள்து ஒண்ணுதான் வுட்டேன்” என்றார். பிறகு, “சிப்பிய பத்தி நான் ஒண்ணும் கேக்கல சார்.”

இறக்கியவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தணிகாசலத்தின் வேல் மறுபடி கண்ணாடியில் ஏறியது. அது வழியெல்லாம் ஆடிக்கொண்டே வந்தது. காது தூங்கிக்கொண்டு வந்தார். வண்டி ஒன்றில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவரைச் சோதனை அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். இரண்டாம் நிமிடமே கையைத் தூக்கி, நர்ஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு மாமியார் இருப்பதாகப் புகார் செய்தார். நாற்காலியை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார்கள். வலது காது பழுதில்லை. இடது காதில் மிக மெல்லிய விசில் மட்டும் எட்டவில்லை. கார் சத்தத்துக்கு அது போதும், வேலையிலேயே இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் எழுதிவிட்டார். இப்போதெல்லாம் சோதனைக் காரின் பின் சீட்டில், வலது காது வண்டியின் உட்பக்கம் இருக்கும்படி இடது ஓரமாக இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறார். அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

ஷிப்ட் முடிந்ததும் நானும் அவரும் பேருந்து நிறுத்தம் வரை பத்து நிமிடம் நடப்போம். கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலை. பதினொரு வருடமாக லாரிப் பக்கம் அவர், ஓரத்தில் நான். அப்படி நடந்தால் நான் அவருடைய இடது காதுப் பக்கம் வருகிறேன். அந்த வாரம் ஒரு நாள், நான் அவருடைய வலது பக்கம், லாரிப் பக்கம், போய் நடந்தேன்.

“இன்னா சார், சைடு மாறி வரீங்க?”

“அந்தப் பக்கம் வெயில்.”

காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பாட்டுப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, லாரி என் மேல் உரசாதபடி, எனக்கு இடம் விட்டு ஓரமாக ஒதுங்கி நடந்தார்.